பரமகுருவின் இரண்டு முட்டிகள்

திருவெண்குடியில் ஒரு பெரிய தேர் இருந்தது. அந்தத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் பரமகுரு என்று ஒருவர் இருந்தார். பரமகுருவுக்கு இரண்டு முட்டிகள் இருந்தன. இது அந்த முட்டிகளுக்கு நேர்ந்த கதை.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தால் அது பாட்டுக்கு வரும். அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் வைக்கிற ஒரு முழக் கட்டைதான். கட்டை போடுகிறவர் உருளுகிற சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வரவேண்டும். விசில் ஊதியதும் சட்டென்று குந்தி, கட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளிவிட்டு, அதே வேகத்தில் எழுந்து விலகவேண்டும். நான்கு வீதி சுற்றி வருவதற்குள் முந்நூறு தடவையாவது குந்தி எழவேண்டியிருக்கும். பரமகுரு இருபத்தோரு வருஷமாக வலப்பக்க முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டுவந்தார்.

அதனால் அவருடைய முட்டிகளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வலமுட்டி பேச்சுக்காரன். இடமுட்டி சாது, வலமுட்டியை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். இருவருக்குள்ளும், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில், ஜவ்வு என்று ஒருவன் மெத்தை மாதிரி படுத்திருந்தான். அவனுக்கு வாய் கிடையாது. மேலிருந்து எவ்வளவு சுமை இறங்கினாலும் வாங்கிக்கொள்வான். தேய்ந்தாலும் ஒரு முனகல் வராது. முனகத் தெரியாதவனை யாரும் விசாரிப்பதில்லை. கூடவே இருந்த முட்டிகளும் விசாரித்ததில்லை.

மேலே வாய்க்குள் நாக்கு குடியிருந்தது. அந்த உடம்பில் எலும்பில்லாதவன் அவன். ஆனால் அதிகாரமெல்லாம் அவனிடம்தான். பரமகுரு மரவாடியில் வேலை பார்த்தார். அங்கே ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. டீக்குத் துணையாக வடையோ போண்டாவோ. மதியம் மலை மாதிரி சோறு. சாயங்காலம் பரோட்டா. நாக்கு கேட்கும், கை எடுத்துக் கொடுக்கும். முப்பத்தைந்தாவது வயதில் தொந்தி விருந்தாளி மாதிரி வந்து சேர்ந்தது. நல்ல சுபாவம், யாரிடமும் சண்டை போடாது. ஆனால் திரும்பிப் போகவில்லை. பரமகுருவுக்கு நாற்பத்தெட்டு வயதானபோது அது தன் உறவுக்காரர்களை எல்லாம் வரவழைத்து, இடுப்பைச் சுற்றிலும் குடிவைத்துவிட்டது.

அந்த வருஷம் சித்திரைத் தேரோட்டத்தில்தான் அது நடந்தது.

தேர் தெற்கு வீதியைக் கடந்து தென்மேற்கு மூலைக்கு வந்தது. அந்த மூலையில் தரை லேசாகச் சரிவு. விசில் ஊதிற்று. பரமகுரு குந்தினார். கட்டையைத் தள்ளினார். எழப்போனார். வலமுட்டி எழவில்லை. துருப்பிடித்த பூட்டு மாதிரி இறுகி நின்றுவிட்டது. சக்கரம் கட்டையின் மேல் ஏறி, அதைப் பக்கவாட்டில் தெறிக்கவிட்டு, அவரை நோக்கி வந்தது. பின்னால் நின்ற துரைக்கண்ணு அவருடைய இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்துப் போட்டான். சக்கரம் அவருடைய துண்டின் மேல் ஏறி நின்றது. தேரின் மூலை ஒரு வீட்டுத் திண்டில் இடித்துச் சுண்ணாம்பைப் பெயர்த்தது.

ஒருவருக்கும் அடிபடவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. வேட்டுச் சத்தமும் மேளமும் நிற்கவே இல்லை. ஆனால் தெருவில் உருண்டு கிடந்த முட்டுக்கட்டை வலமுட்டியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது.

“உன் பேரிலும் முட்டு இருக்கு, என் பேரிலும் முட்டு இருக்கு. நான் தேரை நிறுத்தணும். நீ ஏம்பா ஆளை நிறுத்தினே?”

அன்றைக்குத்தான் வலமுட்டி முதல்முறையாகத் தன் உள்ளே திரும்பிப் பார்த்தான். ஜவ்வு படுத்திருந்த இடத்தில் பாதிக்குப் பாதி ஒன்றுமே இல்லை. மிச்சம் இருந்தவன் கிழிந்த பாய் மாதிரி கிடந்தான்.

தேர் மேஸ்திரி சபாபதி நிதானமான மனிதர். விசிலும் கொடியும் அவர் கையில்தான். தேர் நிலைக்கு வந்த மறுநாள் பரமகுருவைக் கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை. துண்டு போனது போகட்டும் என்றார். அடுத்த வருஷம் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் தன் முன்னால் இருபது தடவை குந்தி எழவேண்டும் என்றும், முடியாவிட்டால் ஊரோடு சேர்ந்து வடம் பிடிக்கலாம், அதிலும் புண்ணியத்துக்குக் குறைவில்லை என்றும் சொன்னார். கடைசியாக ஒன்று சேர்த்துக்கொண்டார்.

“உன் உயிர் மட்டும்னா உன் இஷ்டம் பரமு. சக்கரத்துக்கு அந்தாண்ட நிக்கிறவன் உயிரும் உன் முட்டியிலதான் இருக்கு.”

பரமகுரு வீட்டுக்கு வந்து வலமுட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தில்லைநாயகி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகளுக்கு எடை போட்டு, முட்டையும் சத்துமாவும் கொடுத்து, குறிப்பேட்டில் எழுதுகிறவள். திங்கட்கிழமை காலை லீவு சொல்லிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் தஸ்லிமா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி வலப்பக்கம் ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது. மூட்டுத் தேய்மானம் என்றார். எடைக் கருவியில் ஏறச் சொன்னார். தொண்ணூற்று நாலு.

“ஒரு கிலோ உடம்புல ஏறினா, நடக்கும்போது முட்டி மேல நாலு கிலோவா இறங்கும்,” என்றார் டாக்டர். “உங்களுக்கு மாத்திரை எழுதித் தரேன், வலி குறையும். ஆனா சுமையை இறக்கி வைக்கிற மாத்திரை என்கிட்ட இல்ல. அது உங்க தட்டுலதான் இருக்கு.”

பிறகு நிதானமாகச் சொன்னார். டீயில் சர்க்கரை வேண்டாம். பொரித்ததைக் குறைக்கவேண்டும். சோறு இரண்டு கரண்டி, காய் மூன்று கரண்டி. பயறு, கீரை, முட்டை, வாரம் இரண்டு நாள் மத்தி மாதிரி மீன் குழம்பாக. மீனில் இருக்கும் கொழுப்பு வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். அதோடு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கித் தொடைக்கு வேலை கொடுக்கவேண்டும். எந்தச் சாப்பாடும் தேய்ந்த ஜவ்வை வளர்த்துவிடாது, அப்படி யாராவது சொன்னால் நம்பவேண்டாம் என்றும் சொன்னார்.

முட்டிகள் இரண்டும் மூச்சுவிடாமல் கேட்டன. கீழே இத்தனை வருஷமாக நடந்த அநியாயத்தை ஒரு மனுஷி முதல்முறையாக எண்ணிக்கை போட்டுச் சொல்லியிருக்கிறாள். நாலு மடங்கு. இடமுட்டிக்கு அழுகை வந்தது. அன்று லேசாக வீங்கிக்கொண்டது.

நாக்குக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. ஆனால் அது கெட்டிக்கார நாக்கு. சண்டைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே முட்டிகளிடம் உறவு கொண்டாடியது.

“தம்பிகளா, டாக்டரம்மா படிச்சவங்க, சரிதான். ஆனா நம்ம ஊர் வைத்தியம்னு ஒண்ணு இருக்குல்ல? காலுக்குக் கால். ஆட்டுக்கால் சூப். நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

காலுக்குக் கால் என்ற வார்த்தை முட்டிகளுக்குப் பிடித்துவிட்டது. பரமகுருவுக்கும் பிடித்துவிட்டது. மறுநாளிலிருந்து மரவாடி விட்டதும் கடைத்தெருவில் தள்ளுவண்டிக்குப் போனார். மிளகு தூக்கலாக ஒரு சூப். சூப் சும்மா குடிக்க முடியாது, நாக்கு சொன்னது, ரெண்டு பரோட்டா. பரோட்டா சும்மா இறங்காது, சால்னா. வீட்டில் தில்லைநாயகி முடக்கத்தான் கீரை அரைத்துத் தோசை சுட்டாள். மருந்துதானே என்று எட்டுத் தோசை உள்ளே போயிற்று. வாயெல்லாம் வைத்தியமாக மணத்தது. தொந்தி சந்தோஷமாக இன்னொரு மடிப்பு போட்டுக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம். மழைக்கு முந்தின புழுக்கம். முட்டிகள் இரண்டும் முன்பைவிட அதிகமாகக் குடைந்துகொண்டிருந்தன. பரமகுரு சூப்புக் கிண்ணத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்போது கிண்ணத்துக்குள்ளிருந்து ஒரு ஆட்டுக்கால் மெதுவாகத் தலையை நீட்டி வலமுட்டியைப் பார்த்தது.

“ஏம்பா, தப்பா நினைக்காதே. உன்னை ஒண்ணு கேக்கணும்,” என்றது.

“கேளு,” என்றான் வலமுட்டி.

“என்னைச் சாப்பிட்டா உனக்கு ஓட்டம் வரும்னு யார் சொன்னாங்க?”

“நாக்கு சொன்னான்.”

ஆட்டுக்கால் கிண்ணத்தின் விளிம்பில் சாய்ந்துகொண்டது. பிறகு சொன்னது, “கத்தி வந்த அன்னைக்கு எனக்கு ஓட்டம் வரலை. வந்திருந்தா நான் ஏன் இந்தக் கிண்ணத்துல இருக்கேன்?”

ஆட்டுக்கால் இன்னும் ஒரு வார்த்தை சொன்னது. சூப்பில் தப்பில்லை, பசிக்கு ஆகும், ருசிக்கும் ஆகும். கூடவே வருகிறார்களே அந்த இரண்டு பரோட்டா, அவர்களைத் தூக்குவது யார் என்று மட்டும் யோசித்துப் பார் என்றது. அதற்குள் பரமகுரு அதை எடுத்து உறிஞ்சிவிட்டார்.

அன்றைக்கு வீட்டு வாசல்படியில் ஏறும்போது வலமுட்டி பிடிவாதமாக நின்றுவிட்டான். பரமகுரு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “நாயகி” என்று கூப்பிட்டார். அவள் வந்து தோள் கொடுத்து உள்ளே அழைத்துப்போனாள். சூப்பு வாசனை அவளுக்கு எட்டியது. அவள் திட்டியிருந்தால் பரமகுருவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

மறுநாள் அங்கன்வாடிக்கு வரச்சொன்னாள். போனார். பிள்ளைகள் வரிசையாக எடை போட நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் அவரையும் பெரியவர்கள் நிற்கும் கருவியில் ஏறச் சொன்னாள். தொண்ணூற்று ஏழு. பிள்ளைகளுக்கு எடை எழுதுகிற அட்டையில் ஒன்றை எடுத்து, மேலே பரமகுரு என்று எழுதி, முதல் புள்ளியை வைத்தாள்.

“இந்தப் பிள்ளைங்களுக்கு மாசாமாசம் கோடு மேல போனா எனக்குச் சந்தோஷம்,” என்றாள். “உங்க கோடு கீழ வரணும். வரலைன்னா சொல்லிடுங்க. நான் இப்பவே அழுது முடிச்சிடறேன். தேரடியில நின்னு அழ என்னால முடியாது.”

பரமகுரு கருவியைவிட்டு இறங்கி அந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நாக்குக்கு ருசி மறந்துபோயிற்று.

அதன்பிறகு வந்த மூன்று வாரமும் யுத்தம்தான்.

சர்க்கரை இல்லாத டீயை நாக்கு காறித் துப்பச் சொன்னது. கம்பங்கூழைப் பார்த்ததும் சுருண்டுகொண்டது. மரவாடியில் வடைத்தட்டு எதிரே வரும்போதெல்லாம் ஊறி ஊறி, பரமகுருவைச் சட்டை நனைய வைத்தது. தொந்தி கூட உறுமிற்று. சாயங்காலமானால் தன் பரோட்டா எங்கே என்று சத்தம் போட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் நாக்கு ஜெயித்தும்விட்டது. ஜாங்கிரி, அதன்மேல் பால் பாயசம், அதன்மேல் இன்னொரு ஜாங்கிரி. அன்றைக்கு இடமுட்டிகூட வாயைத் திறந்து, “அண்ணே, இவன் திருந்த மாட்டான்” என்று சொல்லிவிட்டான்.

ஆனால் தில்லைநாயகி மறுநாள் காலை ஒன்றும் நடக்காதது மாதிரி சுண்டலைத் தட்டில் வைத்தாள். நேற்று தவறினது நேற்றோடு போச்சு என்றாள். பந்தியில் தவறியதற்காகப் பாதையை மாற்றவேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் சோறு துப்புவதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள்.

அவளுக்குச் சமைக்கத் தெரியும். அதுதான் போரை முடித்தது. மத்தி மீனைப் பொரிக்காமல், நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பச்சைப் புளியும் சின்ன வெங்காயமும் இடித்துப்போட்டுக் குழம்பு வைத்தாள். முருங்கைக்கீரையில் பாசிப்பருப்பு போட்டு, கடைசியில் தேங்காயைத் தூவினாள். முளைகட்டின பயறில் எலுமிச்சை பிழிந்தாள். முடக்கத்தான் தோசை தொடர்ந்து வந்தது. எட்டு வரவில்லை, இரண்டு வந்தது, அதனால் ஒவ்வொரு தோசையும் எப்படி இருக்கிறது என்று நாக்குக்கு முதல்முறையாகத் தெரிந்தது. டீயில் சர்க்கரையை நிறுத்தி இருபத்தைந்தாவது நாள், ஒரு பச்சைக் கேரட்டைக் கடித்தபோது, நாக்கு ஆச்சரியப்பட்டு நின்றுவிட்டது.

“இது இனிக்குதே,” என்றது. “எப்ப இருந்து இனிக்குது?”

“எப்பவும் இனிச்சுதான் இருந்திருக்கும்,” என்றான் இடமுட்டி. “நீ கவனிச்சிருக்க மாட்டே.”

தொடை இன்னொரு கதை. அவன் பல வருஷமாக உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தவன். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி, இறக்கச் சொன்னால் முதல் நாள் மூன்றாவதிலேயே நடுங்கினான். பிறகு ஐந்து. பிறகு பத்து. ஐப்பசியில் ஒரு நாள் வலமுட்டிக்கு மேலே யாரோ கைகொடுத்துத் தாங்குவது மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தான். தொடை இறுகி நின்றுகொண்டிருந்தான்.

“இவ்வளவு நாள் எங்கே இருந்தே?” என்று கேட்டான் வலமுட்டி.

“யாரும் எழுப்பலை,” என்றான் தொடை.

அங்கன்வாடி அட்டையில் கோடு இறங்க ஆரம்பித்தது. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றொன்று. எண்பத்தொன்பதில் ஒரு மாதம் அப்படியே நின்று எல்லோருடைய உயிரையும் எடுத்தது. பிறகு எண்பத்தேழு. மரவாடியில் ஆட்கள் ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்டார்கள். எண்பத்தைந்து என்றதும் ஒருவன் கைதட்டினான். முட்டிகள் உள்ளே கணக்குப் போட்டன. பன்னிரண்டு கிலோ இறங்கினால் நாற்பத்தெட்டு கிலோ. ஒரு நடுத்தர உடம்புள்ள மனுஷியை இத்தனை வருஷமாக ஒவ்வொரு அடிக்கும் தோளில் சுமந்து, இன்றைக்கு இறக்கிவிட்டது மாதிரி. வலமுட்டி காலையில் எழுந்ததும் நடக்கலாமா நடக்கலாமா என்று அரிக்க ஆரம்பித்தான். குளத்தங்கரையை ஒரு சுற்று. பிறகு இரண்டு சுற்று. தொந்தியின் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். தொந்தி மட்டும், பழகின வீடு, ஒரு ஓரமாக இருந்துகொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டது.

மாசி மாதம் டாக்டர் தஸ்லிமா மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முட்டிகளுக்குக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பரபரப்பு. ஜவ்வு எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று இருவரும் பந்தயம் கட்டினார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அதே கோடு. அதே இடைவெளி. ஒரு நூல்கூட வளரவில்லை.

நாக்குக்குக் கோபம் வந்தது. எட்டு மாதம் இனிப்பை விட்டேனே, வடையை விட்டேனே, ஒன்றுமில்லாததற்கா என்று கேட்டது. அதில் நியாயம் இருந்தது. பரமகுருவும் அதே கேள்வியைத்தான், வேறு வார்த்தையில், டாக்டரிடம் கேட்டார்.

டாக்டர் கேட்டார், “இப்ப இந்த அறைக்குள்ள எப்படி வந்தீங்க?”

“நடந்துதான் வந்தேன்.”

“லிஃப்ட் ரிப்பேர்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கே.”

பரமகுரு யோசித்துப் பார்த்தார். மூன்று மாடி. படிக்கட்டில் ஏறினது அவருக்கு நினைவிலேயே இல்லை. பக்கத்தில் தில்லைநாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“தேஞ்சது தேஞ்சதுதான்,” என்றார் டாக்டர். “இருக்கிறதை மேல தேயாம வச்சிருக்கீங்க. படத்துல அவ்வளவுதான் தெரியும். மிச்சத்தை நீங்கதான் சொல்லணும்.”

முட்டிகள் உள்ளே திரும்பிப் பார்த்தன. ஜவ்வு அதே கிழிந்த பாயாகத்தான் கிடந்தான். ஆனால் இப்போது அவன்மேல் யாரும் ஏறி மிதிக்கவில்லை. இடமுட்டி குனிந்து, வலிக்கிறதா என்று முதல்முறையாகக் கேட்டான். அவனால் பதில் சொல்ல முடியாது. கேட்டதே போதுமாக இருந்திருக்கும்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள், தேரை நிறுத்தி வைக்கிற தேர்முட்டியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சபாபதி மேஸ்திரி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பரமகுரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார், எழுந்தார். துரைக்கண்ணு எண்ணினான். பத்து வரைக்கும் சிரிப்பும் பேச்சும். பதின்மூன்றில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பதினாறு. தொடை நடுங்கிற்று. பதினேழில் பரமகுரு எழுந்து, அப்படியே தேர்ச்சக்கரத்தின்மேல் கைவைத்து நின்றுவிட்டார். மூச்சு இரைத்தது.

வலமுட்டி இடமுட்டியைப் பார்த்தான். இடமுட்டி, “இன்னும் மூணுதானே அண்ணே, ஆளுக்கு ஒண்ணரை” என்றான்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

நடுவில் நின்றது சேராது என்று யாரோ ஒருவர் முணுமுணுத்தார். சபாபதி எழுந்து துண்டை உதறினார்.

“இருபதுன்னு சொன்னேன். மூச்சு வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லலையே,” என்றார். பரமகுருவின் கையில் கட்டையைக் கொடுத்தார்.

தேரோட்டத்தன்று காலை ஆறு மணிக்கே ஊர் கொதித்தது. கொம்பும் தவிலும் வானத்தைப் பிளந்தன. வடம் பாம்பு மாதிரி நெளிந்து இறுகியது. தேர் முதல் அசைவு அசைந்தபோது எழுந்த சத்தத்தில் புறாக்கள் கோபுரத்தைவிட்டு மொத்தமாகக் கிளம்பின. பரமகுரு வலச்சக்கரத்தோடு நடந்தார். விசில், குந்து, தள்ளு, எழு, விலகு. கீழவீதி போயிற்று. தெற்கு வீதியில் நூறு தாண்டியது. வலமுட்டி வலித்தான், ஆனால் மடங்கினான், விரிந்தான். வெயிலும் வேர்வையும் விபூதியுமாகப் பரமகுரு ஒரு பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வேலை செய்தார்.

தென்மேற்கு மூலை வந்தது. சரிவில் தேர் தானாகவே வேகம் பிடித்தது. அந்த நேரம் பார்த்து, முன்வடத்தைப் பிடித்திருந்த மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி, யாரோ கொட்டிய நீர்மோரில் வழுக்கி விழுந்தாள். அவள் மேல் தடுக்கி இன்னொருத்தி விழுந்தாள். பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். சபாபதி விசில் ஊதினார். தவில் அதை விழுங்கிவிட்டது.

கண் பார்த்தது. பார்த்ததும் உடம்பில் எல்லோரும் ஒரே சமயத்தில் நாக்கைத்தான் பார்த்தார்கள்.

நாக்கு அதுவரை ருசித்திருக்கிறது, கேட்டிருக்கிறது, ஏமாற்றியிருக்கிறது. இப்படி ஒரு வேலை அதற்கு வந்ததில்லை. அது அடித்தொண்டையிலிருந்து எழுந்து கத்தியது.

“வடத்தை விடு!”

தவிலைக் கிழித்துக்கொண்டு போயிற்று அந்தக் குரல். முன்வரிசை கையைவிட்டது. அடுத்த வரிசை விட்டது. அதற்குள் முட்டிகள் மடங்கிவிட்டன. பரமகுரு தரையோடு தரையாகக் குந்தி, கட்டையைச் சக்கரத்தடியில் அடித்துச் செருகினார். சக்கரம் கட்டையின்மேல் முக்கால் ஏறியது. நின்றது. யோசித்தது. மெதுவாகப் பின்னால் இறங்கியது. வலமுட்டி அதே நொடியில் விரிந்தான். பரமகுரு எழுந்து விலகி நின்றார்.

மஞ்சள் சேலைக்காரி சக்கரத்துக்கு நாலடி முன்னால் எழுந்து உட்கார்ந்தாள். முழங்கையைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி வடத்தைப் பிடித்தாள். என்ன தப்பியது என்று அவளுக்குத் தெரியாது. சபாபதிக்குத் தெரியும். அவர் பரமகுருவைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை அசைத்துவிட்டு, கொடியை உயர்த்தினார்.

பகல் இரண்டு மணிக்குத் தேர் நிலைக்கு வந்தது. ஊரே ஒரு குரலாகக் கூவிற்று. கட்டைக்காரர்களுக்கு இலை போட்டார்கள். கூட்டத்தில் முண்டியடித்து வந்த தில்லைநாயகி பரமகுருவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய இலையில், எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக வந்த ஒரு மெதுவடை விழுந்தது. மிளகும் கறிவேப்பிலையும் மணத்தது.

நாக்கு முட்டிகளைப் பார்த்தது.

“சாப்பிடுடா,” என்றான் வலமுட்டி. “இன்னைக்கு நீ கத்தலைன்னா நாங்க மடங்கி என்ன பிரயோஜனம்? முழுசும் சாப்பிடு. நாங்க தாங்கறோம்.”

நாக்கு ஒரு விள்ளலை எடுத்து மெதுவாக, ரொம்ப மெதுவாக, ருசி பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டது. அடுத்த விள்ளலையும் அப்படியே. பிறகு பரமகுருவின் கை தானாகத் திரும்பி, மிச்சத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டியது.

தில்லைநாயகி வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கையில் அந்தப் பாதி வடை இன்னும் சூடாகத்தான் இருந்தது.